பச்சைப் புடவையை யார் பார்த்தது?

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு அடையாறு கரையை மீறிச் சைதாப்பேட்டைக்குள் புகுந்தபோது, பின்சந்தில் குடியிருந்தவர்கள் முப்பது பேருக்குமேல் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் வந்து ஏறினார்கள். எங்கள் வாசலில் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் பெண்மணியும் அவருடைய மகளும் அவர்களில் இருந்தார்கள். மற்றவர்கள் ரேஷன் அட்டையையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு வந்திருக்க, அவர் தலையில் எங்கள் குடியிருப்பின் துணிமூட்டை இருந்தது. தேய்த்ததும் தேய்க்காததுமாக நாற்பத்து மூன்று உருப்படிகள்; சொந்த வீட்டுத் துணியில் ஒன்றைக்கூட அவர் எடுக்கவில்லை. நீர் வடிந்த பிறகு நனைந்து சேறேறிய அந்தத் துணிகளை அலசிக் காயவைத்துத் தேய்த்து, வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தார். எண்ணிக்கை நாற்பத்திரண்டில் நின்றது. மூன்றாம் மாடி மாமியின் பச்சைப் புடவை ஒன்று குறைந்தது.

அடுத்த கோடையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வந்தவர், தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே சேறு காய்ந்து விறைத்துக் கிடந்த ஒரு பச்சைத் துணியை இழுத்து வெளியே போட்டார். ஓரம் நீளமாகக் கிழிந்திருந்தது. அப்போது அங்கே நான் மட்டுமே நின்றிருந்தேன். வெள்ளத்து இரவில் படிக்கட்டில் டார்ச் விளக்கை அடித்தபோது அந்தச் சிறுமி போர்த்தியிருந்ததும் ஒரு பச்சைத் துணிதான் என்பது அந்த நொடியில் நினைவுக்கு வந்தது. யாரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை.

இதைக் கதையாக எழுதி முடிக்க எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. நான்கு முறை முழுவதுமாக மாற்றி எழுதினேன். நிகழ்ச்சிகள் நான்கிலும் ஏறத்தாழ அவையே. யாருடைய கண்ணிலிருந்து சொல்வது என்பதை மாற்ற மாற்ற, என்ன சொல்லலாம், எதை மறைக்கலாம், எந்த இடத்தில் முடிக்கலாம் என்பவை எல்லாம் மாறிக்கொண்டே போயின. சிறுகதை எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி, ஆட்களின் அடையாளங்களை மாற்றி, அந்த நான்கு முயற்சிகளையும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் வடிவத்தை 2016 ஆகஸ்டில் எழுதினேன். கண்ணால் கண்டவன் நான் என்பதால் 'நான்' என்றே தொடங்கினேன். வேறு விதமாகச் சொல்ல முடியும் என்ற எண்ணமே வரவில்லை. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நாங்கள் நான்கு பேர் கூடி, எழுதியதைப் படித்துக்காட்டிக் கொள்வது வழக்கம். எங்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கதையைக் கண்ணை மூடிக் கேட்டவர், தாளை வாங்கி, 'ஏன்' என்று முடியும் வினைச்சொற்களின்கீழ் எல்லாம் பென்சிலால் கோடிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பார்த்தேன், திகைத்தேன், கதவைத் திறந்துவிட்டேன், தேநீர் கொடுத்தேன், நெகிழ்ந்துபோனேன் என்று பக்கத்துக்குப் பக்கம் கோடுகள் இருந்தன. "மூட்டையச் சுமந்தது அந்த அம்மா, தம்பி. கதையில கனம் பூரா உங்க தோள்ல இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து 'நான்' என்ற சொல்லை எல்லா இடத்திலும் அடித்துப் பார்த்தேன். பயன் இல்லை. தமிழில் எழுவாயை நீக்கினாலும் வினைமுற்றின் விகுதியில் அது உட்கார்ந்திருக்கும். நீக்க வேண்டியவை இடையில் நின்று காட்டும் வினைகள் என்பது அப்போது புரிந்தது. "அவள் மூட்டையோடு படியேறி வருவதைப் பார்த்தேன்" என்ற வாக்கியத்தில் பார்த்தவனுக்கு ஒரு வேலையும் இல்லை. "மூட்டையோடு படியேறி வந்தாள்" என்றால் போதும். 'வந்தாள்' என்ற சொல்லே சொல்பவன் மேலே நிற்கிறான் என்று காட்டிவிடுகிறது. அவன் கீழே தண்ணீரில் நின்றிருந்தால் 'ஏறிப் போனாள்' என்றுதான் எழுத முடியும். வா, போ என்ற இந்த இரண்டு வினைகளையும் அன்றிலிருந்து ஒவ்வொரு வரைவிலும் தனியாக வட்டமிட்டுப் பார்க்கிறேன். ஒரே பத்தியில் ஒரு பாத்திரம் ஓர் அறைக்குள் 'வந்து', அடுத்த வரியில் அதே அறைக்குள் இன்னொருவர் 'போனால்', சொல்பவன் காரணமில்லாமல் இடம் மாறிவிட்டான் என்று பொருள்.

அப்படித் திருத்திய பிறகும் அந்த வடிவம் தேறவில்லை. தன்மையில் சொல்வதைக் குறை என்று நான் கருதவில்லை. கு.ப.ராஜகோபாலனின் 'விடியுமா?' கதையில், கணவன் சென்னை மருத்துவமனையில் அபாய நிலையில் இருப்பதாகத் தந்தி வந்ததும், அக்காவை அழைத்துக்கொண்டு இரவு ரயிலில் புறப்படும் தம்பிதான் கதையைச் சொல்கிறான். அவனுக்கும் பதற்றம் இருக்கிறது. ஆனால் அவன் கண் குஞ்சம்மாளின் முகத்தைவிட்டு அகலுவதில்லை. அவள் மனத்தில் ஓடுவதை முகத்திலிருந்தும் பேச்சிலிருந்தும்தான் அவன் ஊகிக்க முடியும். அவனால் உள்ளே நுழைய முடியாமல் இருப்பதே வாசகனை அவளருகே கொண்டுபோய் உட்கார வைக்கிறது. என் கதையில் சாட்சியாக நிற்க வேண்டியவன் புரவலனாக நின்றான். சாட்சியை 'நான்' ஆக்குகிறவர்கள் ஒன்றை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்: இந்த 'நான்' எதைப் பார்க்கத் தவறினான்? எனக்கு அந்த வயதில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியவில்லை.

இரண்டாம் வடிவத்தில் இஸ்திரிக்காரப் பெண்ணையே பேச வைத்தேன். சென்னைப் பேச்சிலேயே முழுக் கதையும். ஒரு மாதம் உழைத்தேன். வண்டியருகே நின்று அவர் பேசுவதைக் காதில் வாங்கி, வீட்டுக்கு வந்து சொல்லிப் பார்த்து எழுதினேன். பூங்காவில் படித்தபோது பேச்சு சரியாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள், தமிழாசிரியர் மட்டும் ஒன்று கேட்டார்: "இந்த அம்மா இதையெல்லாம் யார்கிட்ட சொல்லிக்கிட்டிருக்காங்க?"

என்னிடம் பதில் இல்லை. பித்தளைப் பெட்டியில் கரியைப் போட்டு விசிறி, சூடு பார்க்க ஈரத்துணியில் ஒற்றியதை அவர் வரிசையாக விளக்கியிருந்தார். தினமும் செய்கிற வேலையை யாரும் அப்படி விளக்க மாட்டார்கள். தெரியாதவர் ஒருவர் கேட்டாலொழிய. தெரியாதவன் நான், வாசகனுக்காக அவர் வாயில் தகவலைத் திணித்திருந்தேன். தொல்காப்பியத்தின் செய்யுளியல் எண்ணும் முப்பத்து நான்கு செய்யுள் உறுப்புகளில் கூற்று ஒன்று, கேட்போர் இன்னொன்று. சொல்பவர் யார் என்பதற்குச் சமமாகக் கேட்பவர் யார் என்பதையும் ஓர் உறுப்பாக வைத்த மரபு நம்முடையது. குறுந்தொகையின் இருபத்தைந்தாம் பாட்டில், கபிலர் படைத்த தலைவி, தலைவன் தன்னைக் கூடிய நாளில் வேறு சாட்சி யாரும் இல்லை, ஆரல் மீனை எதிர்பார்த்து நின்ற குருகு என்னும் நீர்ப்பறவை மட்டுமே இருந்தது என்கிறாள். கேட்பவள் தோழி என்பதால்தான் அவளால் அவ்வளவு வெளிப்படையாக 'கள்வன்' என்ற சொல்லை எடுக்க முடிகிறது. தாயிடம் அந்தப் பாட்டு வேறாகத்தான் இருந்திருக்கும். மீன்மேல் கண்ணாக நிற்கும் குருகு எதையும் கவனித்திருக்காது, கவனித்திருந்தாலும் வாய் திறக்காது. பார்த்தவர் ஒருவர் இருந்தும் சாட்சி இல்லாத நிலையை ஐந்தே அடிகளில் நிறுத்திய பாட்டு அது. படிக்கட்டில் டார்ச் விளக்கோடு நின்ற என்னை அந்தக் குருகோடு பலமுறை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன்.

கேட்பவர் மூன்றாம் மாடி மாமி என்று வைத்துக்கொண்டு திரும்ப எழுதியதும் மொழி ஒரே நாளில் மாறியது. விளக்கங்கள் உதிர்ந்தன, "நீயே சொல்லும்மா, உன் வூட்டுத் துணிய நான் எப்பனா மாத்திக் குடுத்திருக்கேனா?" என்பது போன்ற வாக்கியங்கள் தாமாக வந்தன. ஆனால் கதை முழுவதும் ஒரு மன்றாடலாகச் சுருங்கிவிட்டது. நான் வண்டியடியில் பார்த்த பெண் மன்றாடுகிறவர் அல்ல. மேலும், மகள் செய்தது அவருக்குத் தெரியும் என்றால் அவர் மாமியிடம் பொய் சொல்ல வேண்டும். தெரியாது என்றால் புடவை எங்கே போனது என்பது கதைக்குள் வரவே வழியில்லை. அந்த வடிவத்தை அங்கேயே விட்டேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் நால்வரில் ஒருவர், இஸ்திரிப் பெட்டியே கதை சொல்வதாக வைத்தால் என்ன என்று கேட்டார். வ.வே.சு. ஐயர் 1915இல் எழுதிய 'குளத்தங்கரை அரசமரம்' கதையை மனத்தில் வைத்துத்தான் அவர் சொன்னார். அந்தக் கதையில் மரம் நிற்கும் இடம் குளக்கரை. ஊரார் வந்து பேசும் பேச்செல்லாம் அதன் காதில் விழும், ருக்மிணி உயிரை விடுவதும் அந்தக் குளத்தில்தான். எல்லாவற்றையும் பார்த்தும் ஓர் அடி நகர முடியாமல் நிற்பதால் மரம் அதற்குப் பொருத்தமான கதைசொல்லி. எங்கள் இஸ்திரிப் பெட்டியோ அன்றிரவு வண்டியோடு தண்ணீருக்குள் கிடந்தது. படிக்கட்டில் நடந்தது அதற்கு எப்படித் தெரியும்? கதைசொல்லியின் விசித்திரம் அல்ல, அது நின்ற இடம்தான் முக்கியம் என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

மூன்றாம் வடிவம் எல்லாம் அறிந்த படர்க்கை. தாய், மகள், மாமி, நான் என்று நான்கு மனங்களுக்குள்ளும் மாறி மாறிப் போய்வந்தேன். எழுதுவதற்கு இதுவே எளிதாக இருந்தது, எழுதி முடித்தபோது பெருமையாகவும் இருந்தது. ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன், திரும்பி வந்தது. ஆறு மாதம் கழித்துப் படித்தபோது காரணம் எனக்கே தெரிந்தது. சிறுமியின் மனத்துக்குள் இரண்டாம் பக்கத்திலேயே நுழைந்துவிட்டதால், புடவை எங்கே என்பது வாசகனுக்கு அப்போதே தெரிந்துவிடுகிறது. அடுத்த ஏழு பக்கங்களும் அவன் காத்திருக்கிறான்.

இதனால் சர்வஞானப் பார்வை பழசு, கூடாது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. சுஜாதாவின் 'நகரம்' கதையில் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் டாக்டர்கள் பேசிக்கொள்வதும் நமக்குக் கேட்கிறது, வள்ளியம்மாளின் தவிப்பும் நமக்குத் தெரிகிறது. பாப்பாத்திக்கு என்ன நோய், எவ்வளவு அவசரம் என்பது நமக்குத் தெரியும். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக அலையும் தாய்க்குத் தெரியாது. இருவர் அறிவுக்கும் நடுவே அகலும் அந்த இடைவெளியை எழுப்பத்தான் அங்கே எல்லாம் அறிந்த பார்வை தேவைப்பட்டது. தாயின் கண் வழியாக மட்டும் சொல்லியிருந்தால் நாமும் அவரோடு சேர்ந்து குழம்பியிருப்போம், அந்தப் பதற்றம் வந்திருக்காது. நான் அதே பார்வையைக் கொண்டு இடைவெளியை மூடியிருந்தேன். ஆகவே, எந்தப் பார்வை சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. இந்தக் கதையில் யாருக்கு எது தெரியாமல் இருக்க வேண்டும் என்று எழுதுவதற்கு முன்பே ஒரு தாளில் குறித்துக்கொள்வது எனக்கு உதவுகிறது. நான்கு பாத்திரங்களின் பெயரை எழுதி, ஒவ்வொருவருக்கும் நேரே அவருக்குத் தெரியாத ஒன்றை எழுதினேன். தாய்: புடவை எங்கே என்பது. மாமி: தன் புடவை யார் உடம்பை மூடியிருந்தது என்பது. நான்: என் டார்ச் வெளிச்சம் என்ன செய்தது என்பது. மகள்: அம்மாவுக்குத் தெரியுமா என்பது. கடைசி வரியை எழுதியதும், கதை யாருடையது என்று தெரிந்துவிட்டது.

நான்காம் வடிவம் பதினொரு வயதுச் சிறுமியின் தோளுக்குப் பின்னால் நின்று படர்க்கையில் சொல்லப்பட்டது. முதல் வரைவில் செய்த பிழைகளைச் சொல்கிறேன். "செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டதால்" என்று தொடங்கியிருந்தேன். அவளுக்கு அது எப்படித் தெரியும்? அவள் வீட்டில் தண்ணீர் முதலில் குளியலறைச் சாக்கடைத் துளை வழியாகக் குமிழியிட்டு மேலே வந்தது, வாசல் வழியாக அல்ல. ஏரியை நீக்கிவிட்டுக் குமிழியை வைத்தேன். "அவளுடைய கண்கள் பயத்தில் விரிந்தன" என்று ஒரு வரி. தன் கண் விரிவதை அவள் பார்க்க முடியாது. மாமி வண்டியடிக்கு வந்து புடவையைப் பற்றிக் கேட்ட காட்சியில் சிறுமி இல்லை, அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். அந்தக் காட்சியை வெட்டவும் மனம் வரவில்லை. தமிழ் இங்கே கைகொடுத்தது: "மாமி இரண்டு முறை வந்து கேட்டாராம்." அந்த 'ஆம்' ஒன்றே, சிறுமி நகராமல், நடந்ததை அவள் காதுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

தாயும் மகளும் இருவருமே 'அவள்' என்பதால் வரும் குழப்பத்துக்குத் 'தான்' என்ற சொல் உதவியது. "அம்மா அவளைப் பார்க்கவில்லை என்பது நிம்மதியாக இருந்தது" என்பதில் பார்வை வெளியே நிற்கிறது. "அம்மா தன்னைப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு நிம்மதியாக இருந்தது" என்றதும் நாம் சிறுமிக்குள் போய்விடுகிறோம்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகமாக யோசிக்க வைத்தது மரியாதை விகுதி. முதல் வடிவத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். குடியிருப்பின் செயலாளர் 'வந்தார்', மாமி 'சொன்னார்', என்னைவிட மூத்தவரான இஸ்திரிக்காரப் பெண் 'வந்தாள்', 'சொன்னாள்'. நேரில் அவரை நான் "அக்கா, வாங்க" என்றுதான் அழைக்கிறேன். தாளில் என் கை, என்னைக் கேட்காமலே அவரை 'அவள்' ஆக்கியிருந்தது. பெயரில்லாத, நடுநிலையான ஒரு படர்க்கைக் கதைசொல்லி தமிழில் இருக்க முடியாது என்பதை அன்றைக்கு உணர்ந்தேன். 'வந்தாள்' என்றோ 'வந்தார்' என்றோ முடிக்கும் கணத்தில் சொல்பவன் எந்தப் படியில் நிற்கிறான் என்பது வெளியே தெரிந்துவிடும். வெட்கத்தோடு எல்லாவற்றையும் 'வந்தார்' என்று மாற்றினேன். அநீதி நீங்கியது, ஆனால் வெள்ளத்தின் நடுவே அவர் மேடையில் அமர்ந்த விருந்தினரைப் போலத் தள்ளி நின்றார்.

சிறுமியின் பார்வைக்கு மாறியதும் இந்தச் சிக்கல் தானாக அவிழ்ந்தது. 'அம்மா வந்தாள்.' முதல் வடிவத்தில் இருந்த அதே விகுதி, ஆனால் இப்போது அது மகளின் வாயிலிருந்து வருகிறது. அங்கே தாழ்த்திய எழுத்து இங்கே அணைத்துக்கொள்கிறது. மாமியும் நானும் 'வந்தார்' ஆனோம், அந்த மரியாதைக்குள் ஒரு சிறுமியின் அச்சம் இருந்தது. எனக்குப் பெயர் இல்லை. நான் 'இரண்டாம் மாடி சார்'.

டார்ச் காட்சியை அந்த இடத்திலிருந்து எழுதியபோது என் கை நின்றுவிட்டது. முதல் வடிவத்தில் அது என் கருணையின் காட்சி: இருட்டில் யாராவது வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்று படிப்படியாக வெளிச்சம் காட்டிக்கொண்டு இறங்கினேன். கீழே உட்கார்ந்திருக்கும் சிறுமிக்கோ, நனைந்த பாவாடையைக் கழற்றிவிட்டு, மூட்டையிலிருந்து உருவிய யாரோ ஒருவருடைய புடவையைச் சுற்றிக்கொண்டு, முப்பது பேர் நடுவே சுவரோடு ஒட்டியிருக்கும் நேரத்தில் முகத்தில் வந்து விழுந்த வெளிச்சம் அது. எழுந்து ஓடியிருப்பாள், கைப்பிடிக் கம்பியின் முனையில் புடவை மாட்டிக் கிழிந்திருக்கும். உண்மையில் அப்படித்தான் நடந்ததா என்று நான் அவளிடம் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பத்தியை எழுதி முடித்த பிறகுதான், தொட்டிக்குப் பின்னால் கிடந்த துணியின் கிழிசல் ஏன் அவ்வளவு நீளமாக இருந்தது என்று யோசித்தேன். இரண்டு ஆண்டுகளாக முதல் வடிவத்தில் நின்றுகொண்டு அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை.

முடிவு எனக்கு நெடுநாள் அமையவில்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே மகளை மன்னித்தாள் என்று முடிக்க மிகவும் ஆசைப்பட்டேன். மூன்றாம் வடிவத்தில் அப்படித்தான் முடித்துமிருந்தேன். சிறுமியின் கண்ணிலிருந்து அதைச் சொல்ல வழி இல்லை. எனவே அவள் பார்க்கக்கூடியதை மட்டும் எழுதினேன். வெள்ளம் வடிந்து பத்து நாள் கழித்து, வேப்பமரத்தடியில் அம்மா தேய்த்த துணிகளை அடுக்கி எண்ணுகிறாள். நாற்பத்திரண்டு. கையிலிருந்த நோட்டைப் பார்த்துவிட்டு மறுபடியும் மேலிருந்து எண்ணுகிறாள். நாற்பத்திரண்டு. சிறுமி மூன்றாவது முறைக்காகக் காத்திருக்கிறாள். அம்மா நோட்டை மூடி வண்டிக்கடியில் செருகிவிட்டு, துணிக்குத் தெளிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறாள்.

பூங்காவில் இதைப் படித்துக்காட்டியபோது, இஸ்திரிப் பெட்டியைப் பேச வைக்கச் சொன்ன நண்பர், "அந்த அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டார். தமிழாசிரியர் என் பக்கம் திரும்பவில்லை. தாளை வாங்கிப் பென்சிலை எடுத்து, கடைசிப் பத்தியில் நான் விட்டு வைத்திருந்த "ஏனோ" என்ற ஒரு சொல்லை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.